மின்தடையும் மின்திறனும்: இரண்டு அளவீடுகள் உணர்த்துவன

மின்கம்பியினுள் நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. எனினும், மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம் ஆகிய இரண்டையும் அளந்தால், ஒரு கருவியின் மின்தடையையும் அது நுகரும் மின்திறனையும் கணக்கிட்டு அறியலாம். இதற்கென வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் இணைக்க வேண்டும்.

அடிப்படைத் தொடர்புகள்

வெப்பநிலை மாறாத நிலையில், உலோகக் கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்த்தகவில் அமையும். ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம், 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தொடர்பை விளக்கினார். இதுவே ஓம் விதி எனப்படுகிறது.

மின்தடை = மின்னழுத்த வேறுபாடு ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்த வேறுபாடு × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால் மூன்றாவது தொடர்பு கிடைக்கிறது.

மின்திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை

மின்னோட்டம் இரு மடங்கானால், அதே மின்தடையில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை இது காட்டுகிறது.

எடுத்துக்காட்டு

230 வோல்ட் மின்வழங்கலுடன் இணைக்கப்பட்ட நீர் சூடேற்றியில் 8.7 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்தடை, மின்திறன் ஆகியவற்றைக் கணக்கிடுக.

தீர்வு

மின்தடை = 230 ÷ 8.7 = 26.4 ஓம் (தோராயமாக)
மின்திறன் = 230 × 8.7 = 2001 வாட்

அதாவது, ஏறத்தாழ 2 கிலோவாட். இக்கருவி அரைமணி நேரம் இயங்கினால் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் மின்னாற்றல் செலவாகும். 6 ஆம்பியர் பொருத்துவாயில் இதனை இணைத்தல் தவறு. 16 ஆம்பியர் பொருத்துவாயே ஏற்றது.

தளர்ந்த இணைப்பின் தீங்கு

இச்சூடேற்றியின் செருகி பொருத்துவாயில் தளர்வாக அமைந்து, தொடுமிடத்தில் 0.5 ஓம் மின்தடை கூடுதலாகத் தோன்றுவதாகக் கொள்வோம். மொத்த மின்தடை 26.9 ஓம் ஆகிறது; மின்னோட்டம் 8.55 ஆம்பியராகச் சற்றே குறைகிறது. அத்தொடுமிடத்தில் வெப்பமாக மாறும் திறன் 8.55 × 8.55 × 0.5, அதாவது ஏறத்தாழ 36.5 வாட். விரல்நுனி அளவேயான ஓரிடத்தில் இவ்வெப்பம் தொடர்ந்து குவிந்தால், சுற்றியுள்ள நெகிழி உருகித் தீப்பற்றவும் கூடும்.

இந்நிலையில் மின் உருகி நம்மைக் காப்பதில்லை. மின்னோட்டம் வரம்பை மீறும்போது மட்டுமே அது உருகிச் சுற்றைத் துண்டிக்கும். இங்கோ மின்னோட்டம் கூடவில்லை, குறைந்தே உள்ளது. ஆகவே, செருகி சூடாதல், நிறம் மாறுதல், கருகிய மணம் வீசுதல் ஆகியவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளுதல் வேண்டும். உடனே முதன்மைச் சாவியால் மின்வழங்கலை நிறுத்திவிட்டு, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சீர்செய்தல் வேண்டும்.

கருத்தில் கொள்க

மேற்கண்ட கணக்கீடுகள் சூடேற்றி, மின் இஸ்திரிப்பெட்டி போன்ற மின்தடைக் கருவிகளுக்கு நேரடியாகப் பொருந்தும். மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் மின்விசிறி போன்றவற்றிற்குத் திறன் காரணியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீட்டு மின்சுற்றில் இவ்வளவீடுகளை மாணவர்கள் மேற்கொள்ளுதல் கூடாது. ஆய்வகத்தில், குறைந்த மின்னழுத்தம் தரும் மின்கல அடுக்கைப் பயன்படுத்தி, ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து பார்த்தலே முறையாகும்.