ஒலி காட்டும் வழி

தேனியிலிருந்து நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக்கோடாகவே தெரியும். கம்பம்மெட்டுச் சாலையில் ஏறிச் செல்வோர்க்கோ அதே மலையின் மரமும் பாறையும் தனித்தனியே புலப்படும். தொலைவில் நின்று காண்பதற்கும் அணுகிச் சென்று காண்பதற்கும் உள்ள இவ்வேறுபாடே, கணையக் கட்டிகளைக் கண்டறியும் மருத்துவமுறை ஒன்றுக்கு அடிப்படையாகும்.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் அமைந்துள்ள உறுப்பாகும். செரிமான நீரையும் இன்சுலினையும் அது சுரக்கிறது. அதில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. மஞ்சள் காமாலை, எடைக்குறைவு, முதுகுவரை பரவும் வலி ஆகியவை தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வயிற்றின்மேல் கருவியை வைத்துச் செய்யும் மீயொலிச் சோதனையில், குடலிலுள்ள வாயு ஒலியலைகளை மறிப்பதால் கணையம் முழுமையாகத் தெரிவதில்லை.

இத்தடையை நீக்க, அகநோக்கிக் குழாயின் நுனியிலேயே சிறிய மீயொலிக் கருவியைப் பொருத்தினர். நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்து, வாய்வழியே அக்குழாயை இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செலுத்துவர். அங்கிருந்து கணையம் ஒரு சுவர் தொலைவுதான். மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகள் கணையத்தில் பட்டுத் திரும்பி, திரையில் உருவமாக விரிகின்றன.

கட்டியைக் கண்டபின், குழாய்க்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஊசியைச் செலுத்துவர். குருதிக் குழாய்களைத் தவிர்த்து ஊசி செல்லும் பாதையை மருத்துவர் திரையில் தொடர்ந்து காண்கிறார். எடுத்த திசுவை நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியில் ஆராய்வார். கணைய நோயில் இம்முறையைப் பயன்படுத்தியதை டென்மார்க்கு மருத்துவர் பீட்டர் வில்மானும் அவர்தம் குழுவினரும் 1992இல் வெளியிட்டனர்.

படத்தில் கட்டி தெரிந்தபின் ஊசி எதற்கு? கணையத்தில் காணும் வீக்கமெல்லாம் புற்றுநோயன்று. நாட்பட்ட அழற்சியும் காசநோயும் அவ்வாறே தோற்றமளிக்கக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கை அடுத்துள்ள கேரளத்தில், கணையத்தில் கற்கள் உருவாகும் வெப்பமண்டலக் கணைய அழற்சியை மருத்துவர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். தமிழகத்திலும் அந்நோய் காணப்படுகிறது. அந்நோயாளிகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே, ஒருவரது வீக்கம் அழற்சியா புற்றா எனப் பிரித்தறிவது அவரது வாழ்வையே முடிவுசெய்யும். காசநோயெனில் மருந்தே போதுமானதாகலாம்; புற்றுநோயெனில் காலத்தாழ்வு உயிருக்குக் கேடாகும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அரிதாகக் குருதிக்கசிவோ கணைய அழற்சியோ ஏற்படலாம். திசுவில் புற்றணுக்கள் காணப்படாததால் மட்டும் நோயில்லை என உறுதிகூற இயலாது. ஐயம் நீங்காவிடில் சோதனையை மீண்டும் செய்வர். அறுவையால் நீக்கத்தக்க புற்றுநோய் எனத் தெளிவாகத் தெரிந்தால், ஊசிச் சோதனையின்றியே அறுவை மேற்கொள்வதும் உண்டு. ஆனால், வேதிமருத்துவம் தொடங்குமுன் திசுச்சான்று இன்றியமையாதது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியை, கண்ணுக்கெட்டாத ஓர் உறுப்பிலும் கடைப்பிடிக்க மெல்லிய ஊசியொன்று இன்று துணைநிற்கிறது.