சேற்றில் டிராக்டர் மல்லாக்கக் கவிழாதிருக்க

உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கம் பகுதியின் ஏரிப்பாசன வயல்களில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்யும் உழவர் பெருமக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்சக்கரம் சேற்றில் இறுகி உருள மறுத்தால், எஞ்சினின் விசை டிராக்டரின் முன்பக்கத்தையே தூக்கிவிடும். மல்லாக்கக் கவிழ ஒன்றரை விநாடி போதும். குதித்துத் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை. சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி முறுக்குவது விபத்தை வலிய அழைப்பதாகும். பின்புறச் சேற்றை வெட்டிவிட்டு, மெதுவாகப் பின்னோக்கி எடுக்கவும்.

கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காப்பது ரோல் பார் எனும் இரும்பு வளைவே. சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. கூரை மாட்டுவதற்காக இதைத் துளையிட்டாலோ பற்றவைத்தாலோ பலம் குறையும். பட்டறையில் நிழலுக்கென வளைத்த குழாய் இதற்கு ஈடாகாது. வளைவுள்ள வண்டியில் சீட் பெல்ட் அணிவது அவசியம். வளைவில்லாத வண்டியில் அதே பெல்ட் ஓட்டுநரை வண்டிக்கடியில் பிணைத்துவிடும்.