ஏரியில் வண்டல் அள்ளும்போது ஆமை கிடைத்தால் என்ன செய்வது?

கோடையில் ஏரி வற்றியதும் உத்திரமேரூர் வட்டாரத்தில் வண்டல் அள்ளும் வேலை சூடுபிடித்துவிடும். வட்டாட்சியர் அனுமதி வாங்கினால் வயலுக்கு இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். மணல்பாங்கான நிலத்துக்கு வண்டலைப் போல உதவுவது வேறில்லை; தாராளமாக எடுங்கள். ஆனால் பொக்லைன் வாளி மண்ணை வாரும்போது கூடவே ஆமை ஒன்று வந்து விழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில நேரம் ஓடு பிளந்தே விழும்.

அது பெரும்பாலும் பாலாமை. ஏரி, குளம், வாய்க்கால், நெல் வயல் என நம்மோடு ஒட்டியே வாழ்வது. ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருப்பதால் கையில் வழுக்கும். திருப்பிப் பார்த்தால் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு தோல் மடல்கள் தெரியும். கறுத்த கெட்டி ஓடும், முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பும் இருந்தால் அது காராமை. இலங்கையில் உள்ள பாலாமையைத் தனி இனமாகவே பிரித்திருக்கிறார்கள். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் அது இல்லை. சிங்களத்தில் அதன் பெயர் 'கிரி இப்பா'. அதற்கும் பால் ஆமை என்றுதான் பொருள்.

ஏரி வற்றினால் ஆமை எங்கே போகும்? சில, தண்ணீர் தேடித் தரையில் நடக்கும். அப்படி வழிதவறி வருவதுதான் வீட்டு வாசலில் நிற்கிறது. 'ஆமை புகுந்த வீடு' என்று பயந்து அடிக்க வேண்டியதில்லை. அதற்குத் தேவை தண்ணீர், உங்கள் வீடு அல்ல. மற்றவை ஈரச் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை உண்ணாமல் அசையாமல் கிடக்கும். வண்டல் அள்ளும் பருவமும் இந்தக் கோடை உறக்கமும் ஒரே நேரத்தில் வருவதால்தான் இத்தனை ஆமைகள் அடிபடுகின்றன.

பாலாமை நத்தை, பூச்சி, தவளை, மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும். செத்து மிதப்பதையும் விடாது. ஆடு மாடுகளுக்குக் கல்லீரல் தட்டைப்புழு வருவது நீர் நத்தைகள் வழியாகத்தான் என்பது கால்நடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆமை இருந்தால் அந்த நோயே வராது என்று சொல்ல வரவில்லை. நத்தையைத் தின்னும் ஒன்றை நாமே கொல்வானேன் என்றுதான் கேட்கிறோம்.

மண்ணில் ஆமை வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டின் இரு பக்கமும் பின்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். பாலாமையின் கழுத்து நீளம். பின்னால் திரும்பிக் கடிக்கும், முகத்தருகே கை வேண்டாம். அதே ஏரியில் வேலை நடக்காத பக்கம், நிழலும் ஈரச் சேறும் உள்ள இடத்தில் விட்டால் தானே புதைந்துகொள்ளும். ஏரி முழுவதும் காய்ந்திருந்தால் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் ஏரியிலோ குளத்திலோ விடலாம். ஓடு உடைந்திருந்தால் ஈரச்சாக்கில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கிணற்றில் மட்டும் விடாதீர்கள். தண்ணீர் சுத்தமாகும் என்று பலர் விடுகிறார்கள். ஆமை முட்டையிடுவது கரை மண்ணைத் தோண்டித்தான். சுவர் கட்டிய கிணற்றிலிருந்து அதனால் ஏறி வர முடியாது. பல வருடம் உயிரோடு இருக்கலாம், குஞ்சு ஒன்றுகூட இருக்காது.

கறிக்காகவும் 'மருந்து' என்ற பெயரிலும் கேட்டு வருபவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் பாலாமை இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அமீனா வீட்டுக்கு வருவது இப்படித்தான்!

உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்ததை 919, 921-ம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்று அந்த வேலையை ஊர்க்காரர்களே பேசி முடித்துக்கொள்ளலாம். பொக்லைன் இறங்கும் முன்பு, மதகை ஒட்டிக் கடைசியாக வற்றும் பள்ளத்தை அடையாளக் கொடி நட்டுத் தனியாக விட்டுவிடுங்கள். ஆமைகள் அதிகம் ஒதுங்குவது அப்படிப்பட்ட ஈரத்தில்தான். மற்ற இடத்தில் உங்களுக்கு வேண்டிய வண்டல் கிடைக்கும்.