மானாவாரி வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பிரதேசத்தில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகும் காலமும் வீட்டில் பணம் புழங்கும் காலமும் ஒன்றாக வருவதில்லை. புரட்டாசியில் கையிருப்பு முழுவதும் உளுந்தாகவும் பாசியாகவும் மக்காச்சோளமாகவும் பருத்தியாகவும் மண்ணுக்குள் போய்விடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இடியும் மின்னலுமாக இறங்க, மின்சாரம் போவதும் திடீரென்று ஏறி வருவதுமாக இருக்கிறது. வெயிலை நம்பி இந்த ஊரில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலிலும் அதே மழைதான் வேலையை மந்தமாக்குகிறது. விதைத்தது விளைந்து காசாக மாறுவதோ மார்கழிக் கடைசியில் தொடங்கி மாசி பங்குனி வரை. ஆக, மடியில் காசில்லாத மாதத்தில் பெட்டி அணைந்துபோகிறது. அந்த மாதத்திலேயே தீபாவளியும் வந்து, முன்பணமில்லை, வட்டியில்லை என்ற விளம்பரங்களும் தெருவெங்கும் வந்துவிடுகின்றன. அந்த நிர்ப்பந்தத்தில் அவசரமாக எடுக்கும் தீர்மானம்தான் சிக்கனமாக வாழும் ஒரு குடும்பத்துக்குப் பெட்டியின் உண்மையான விலையை ஏற்றிவிடுகிறது என்பதே இங்கே சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

தொலைக்காட்சி இல்லாவிட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் நாளெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெண்களுக்கும், நடமாட்டம் குறைந்து திண்ணையோடு தங்கிவிட்ட முதியவர்களுக்கும், புயல் எச்சரிக்கையைக் கேட்டு நாளை களை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் விவசாயிக்கும் அது ஆடம்பரப் பொருளன்று. இந்த உண்மையை அரசாங்கமே ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி தந்தபடி, அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, முதல்வர் கருணாநிதி இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்; எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த 14 அங்குலப் பெட்டிகள், 2011இல் ஆட்சி மாறித் திட்டம் நின்றுபோகும் வரையில், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அத்திட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், இத்தகைய தேர்தல் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று ஆயுள் முடிந்தவை. பிக்சர் டியூப் மங்கினால் மாற்ற டியூப் கிடைக்காது. அவற்றுக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய முதல் தலைமுறை எல்.இ.டி. பெட்டிகளும் இப்போது ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியிருக்கின்றன.

அணைந்த பெட்டியெல்லாம் செத்த பெட்டியாகிவிடாது. சத்தம் கேட்கிறது, படம் மட்டும் தெரியவில்லை என்றால், இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பார்க்க வேண்டும். ஒளி விழும் வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகமோ எழுத்தோ மங்கலாக அசைவது தெரிந்தால், படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது; திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் சிறு விளக்குகளின் வரிசை மட்டுமே அவிந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். மெக்கானிக்குகள் 'பேக்லைட் ஸ்ட்ரிப்' என்று சொல்லும் அந்தப் பட்டையை மாற்றுவது, 32 அங்குலப் பெட்டியானால், பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. பெட்டியில் உயிரே இல்லையென்றால், மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கலாம்; அதன் விலை சொற்பம். ஆனால் திரையில் மேலிருந்து கீழாக நிரந்தரமான கோடுகள் விழுந்திருந்தாலோ, அடிபட்டுச் சிலந்தி வலைபோல் விரிசல் கண்டிருந்தாலோ பேனல் போய்விட்டது என்று அர்த்தம். புதிய பேனலின் விலை புதுப் பெட்டியின் விலையை நெருங்கும். அதற்குச் செலவழிப்பதில் பிரயோஜனமில்லை. பழுது பார்த்த பின், அமைப்புப் பகுதியில் பேக்லைட் அளவைப் பாதிக்குச் சற்று மேலே நிற்கும்படி குறைத்து வைத்தால் புதிய பட்டையின் ஆயுள் நீளும்.

பழுது பார்ப்பதால் செலவு குறைகிறது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், ஐப்பசியைக் கடந்து தை மாதம் வரை அது நமக்கு வாங்கிக் கொடுக்கும் அவகாசம். இந்த அவகாசத்தின் மதிப்பை ஒரு கணக்கால் காட்டலாம். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியை, மாதம் ஆயிரத்தைந்நூறாக எட்டு மாதத்தில் கட்டும்படி, வட்டியே இல்லை என்று தருவதாக வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடும்போது ஐந்நூறு ரூபாய் கோப்புக் கட்டணம் பிடிக்கிறார்கள். அதே பெட்டியை ரொக்கமாகக் கேட்டால் பேரம் பேசி பதினோராயிரத்து இருநூறுக்கு எடுத்துவிடலாம். வித்தியாசம் ஆயிரத்து முந்நூறு. மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 30 சதவீத வட்டி. வட்டியில்லாத் தவணை என்பதே உண்மையில் கிடையாது, வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்து நிற்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு தவணை தவறினால் சேரும் அபராதம் இதற்கு மேல். மழை பொய்த்த ஆண்டில் மானாவாரிக் குடும்பம் தவணை தவறுவது யாருடைய குற்றமும் அல்ல. ஆனாலும் அபராதம் விழத்தான் செய்யும். உளுந்து விற்ற காசோடு, பொங்கல் சமயத்தில், ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையேறுபவரின் பேச்சுக்கு இருக்கும் பலம் வேறு.

அப்படிக் கடையேறும்போது எதைக் கேட்பது? பத்துக்குப் பத்து அடி அறைக்கு 32 அங்குலம், அதாவது 80 சென்டிமீட்டர், தாராளம். இந்த அளவு புதுப் பெட்டிகள் ஏறக்குறைய எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை கிடைக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் தொலைக்காட்சிக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது என்று கடைகளில் சொல்வது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கே பொருந்தும். அவற்றுக்குத்தான் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. 32 அங்குலமும் அதற்குக் குறைந்தவையும் 2019 ஜனவரி முதலே 18 சதவீதத்தில் இருப்பவை. ஆகவே அந்தப் பேச்சைக் கேட்டுப் பெரிய பெட்டிக்குத் தாவ வேண்டியதில்லை.

ஸ்மார்ட் டிவியா சாதாரண டிவியா என்பதை வீட்டுக்கு வரும் இணைப்பு தீர்மானிக்கட்டும். இணையம் கைபேசி வழியாக மட்டும் வரும் வீட்டில், தெளிவான காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.யை ஒட்டி விழுங்கும். நாள் கணக்கு டேட்டா ஒரு படத்துக்கே போதாது. கேபிள் பெட்டியோ டி.டி. ஃப்ரீ டிஷ்ஷோ இருக்கும் வீட்டுக்குச் சாதாரணப் பெட்டியே போதும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் வருகிறது. ஆனால் மெகா தொடர் பார்ப்பவர்களுக்கு அது திருப்தி தராது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்வது உத்தமம். வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸின் பின்புறத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய், புதுப் பெட்டியில் அதற்குரிய துளை இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களுக்கான துளைகளைச் சில புதுப் பெட்டிகளில் காண முடிவதில்லை.

மின்சாரத்தைப் பற்றிய பயம் வேண்டாம். 45 வாட் பெட்டி தினம் ஐந்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்குப் பதின்மூன்றரை யூனிட்தான். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் அது சிறு பங்கு. டிவியை அணைத்துவிட்டு, 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸை இரவு பகலாக எரியவிட்டால் அதுவும் 14 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது.

பழைய எல்.இ.டி. பெட்டியை வாங்குவதும் மோசமான யோசனையல்ல. கடையிலேயே அரை மணி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் வாங்க வேண்டும். சூடேறிய பிறகே வெளிப்படும் கோளாறுகள் பல உண்டு. திரை முழுவதும் வெள்ளையாகவும் பிறகு முழுவதும் கறுப்பாகவும் ஒரு படத்தை ஓட்டச் சொன்னால் ஓரத்துக் கறைகளும் திட்டுகளும் மறைந்து நிற்க முடியாது.

எந்தப் பெட்டி வாங்கினாலும் கரிசல் மண்ணின் ஒரு குணத்தை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண், வீட்டுக்குப் பின்னால் புதைத்த எர்த் கம்பியைவிட்டுச் சித்திரை வைகாசியில் விலகிவிடுகிறது. கம்பியைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி தெரியும். அப்போது எர்த் இருந்தும் இல்லாததுபோலத்தான். கோடையில் வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மண்ணை நெருக்கிவிட்டால் அந்த விலகல் அடைபடும். அதற்காக மின்னலை எர்த் தடுத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள்கூட டிஷ் வயரையும் கேபிள் வயரையும் செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். மின்னலின் பாய்ச்சல் அந்த வழியாகவும் உள்ளே வரும். பிளக்கையும் அந்த வயர்களையும் இடி நெருங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும். மின்னலால் நேர்ந்த சேதத்துக்குச் சாதாரணமாக வாரண்டி செல்லாது.

பில் வேண்டாம் என்றால் விலையில் குறைத்துத் தருகிறோம் என்ற பேச்சுக்கு இணங்கலாகாது. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. அத்துடன், பரணில் கிடக்கும் பழைய டியூப் டிவியைத் தாமிரக் கம்பிக்காக உடைக்கிறவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் ஓடைக்கரையில் அந்தத் தூள் சேரக் கூடாது. மின்னணுக் கழிவுகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியிருக்கின்றன. ஆகையால் புதுப் பெட்டிக்கு விலை பேசும்போதே, பழையதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரரிடம் சேர்த்துப் பேசிவிடுங்கள்.