லீவு போட்டுப் போனவர்கள், வேலையை விட்டுப் போகிறவர்கள்

ராஜபாளையம் என்றால் பஞ்சாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில், பால்கோவா. ஊரைப் பார்க்காதவர்களுக்கும் இவை தெரியும். இதே வட்டாரத்திலிருந்து இன்னொரு கூட்டமும் பல ஆண்டுகளாகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் அவர்கள். எத்தியோப்பியா, நைஜீரியா, லிபியா, ஏமன், ஓமன், சவுதி அரேபியா என்று அவர்கள் போகாத திசை இல்லை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் படும் பாட்டை நாம் ஓரளவாவது பேசுகிறோம். எம்.ஏ., பி.எச்டி. முடித்துவிட்டுப் போகிறவருக்கு என்ன குறை என்று இருந்துவிடுகிறோம். குறை இருக்கிறது. முன்பைவிட இப்போது அது கூடியிருக்கிறது.

அன்று: அரசுகள் ஆள் எடுத்த காலம்

எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1956-ல் இந்தியா வந்தபோதே அவர் நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பணம் கொழித்த நைஜீரியா 1976-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. உள்ளூரில் ஆசிரியர்கள் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். இந்திய அரசும் 1964-ல் ஐடெக் திட்டத்தைத் தொடங்கி நட்பு நாடுகளுக்கு வல்லுநர்களை அனுப்பியது. 1981-ல் எட்சில் என்ற பொதுத்துறை நிறுவனம் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும் அதன் வேலைகளில் ஒன்று.

இந்தப் பக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1966-லும் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973-லும் தொடங்கியிருந்தன. அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியரை நிர்வாகம் நினைத்தபடி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பைத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-ல் தந்தது. அப்படிப்பட்ட நிரந்தர வேலையில் இருந்த ஒருவர் வெளிநாடு போக நினைத்தால், சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக்கொடுப்பார். அனுமதி கிடைத்தால் இரண்டு வருடக் கான்ட்ராக்டில் போவார். போகவர விமானக் கட்டணம், குடும்பத்தோடு தங்க வீடு, முடித்துக் கிளம்பும்போது பணிக்கொடை ஆகியவை பெரும்பாலும் கான்ட்ராக்டிலேயே இருக்கும். அங்கே ஏதாவது கோளாறு என்றால் ஊருக்குத் திரும்பி, பழைய கல்லூரியில் பழைய நாற்காலியில் உட்காரலாம்.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. வீட்டுக் கடிதம் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். டிரங்க் கால் கிடைப்பது அதிர்ஷ்டம். தாய் தகப்பன் இறந்த செய்தி காரியம் முடிந்தபின் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் வேலை என்னவாகும் என்ற பயம் அவர்களைத் தின்னவில்லை. அந்த ஒரு நிம்மதி மற்ற எல்லாக் கஷ்டங்களையும் தாங்க வைத்தது.

இன்று: ஏஜென்சி வழியே ஒரு வருட வேலை

இப்போது இந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இரண்டு ஊர்களுக்கும் அருகே கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆனால் தமிழ்நாடு முழுவதும் கல்லூரிகள் பெருகிய அளவுக்கு நிரந்தரப் பணியிடங்கள் பெருகவில்லை. அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகளை நடத்துகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. தமிழ்நாட்டில் கையில் கிடைப்பது அதில் பாதிதான். சுயநிதிக் கல்லூரிகளில் பல இடங்களில் அதுவும் இல்லை. செட், நெட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சி, முனைவர் பட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயதில் இந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, ஓமனிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வரும் அழைப்பு பெரிய கதவு. சுயநிதிக் கல்லூரியில் லீவு போட்டுவிட்டுப் போகும் வழி அநேகமாகக் கிடையாது. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தக் கதவு திறப்பதற்குள் பட்டச் சான்றிதழின் பின்பக்கம் நிரம்பிவிடும். பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். பிறகு மாநில அரசின் முத்திரை. பிறகு வெளியுறவு அமைச்சகம். பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகம். ஒவ்வொருவரும் ஒரு சீல், ஒரு கையெழுத்து, ஒரு தேதி போடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நீல மையும் ஊதா மையும் கலந்து, எந்த அதிகாரி எங்கே கையெழுத்திட்டார் என்றே படிக்க முடியாது. 2005-ல் அப்போஸ்டில் என்ற சான்றளிப்பு உடன்படிக்கை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபின், அதை ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு ஒரு ஸ்டிக்கரோடு முடிகிறது. ஓமன் 2012 முதலும் சவுதி 2022 முதலும் அந்த வரிசையில் இருக்கின்றன. இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் கான்ட்ராக்டைப் பார்த்தால் இந்த நிம்மதி குறைகிறது. பெரும்பாலும் ஒரு வருடம். முதல் மூன்று மாதம் தகுதிகாண் பருவம். பல வளைகுடாக் கல்லூரிகளில் ஆங்கில ஆசிரியரை வேலைக்கு வைப்பது கல்லூரி இல்லை, இடையில் இருக்கும் ஆள்சேர்ப்பு நிறுவனம். கல்லூரி அந்த நிறுவனத்துக்குத் தருவது ஒரு தொகை, ஆசிரியர் கையில் விழுவது வேறு தொகை. அதே ஆசிரியர் அறையில் பிரிட்டிஷ், அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதே பாடத்தை நடத்திவிட்டுக் கூடுதலாக வாங்குகிறார். சில விளம்பரங்கள் இந்தியர் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்ற பொருளில் நாடுகளின் பெயரைப் பட்டியல் போடுகின்றன. தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டவருக்கு என்று இருந்தது. 2010-ல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால்தான் இந்தியருக்குத் துணை ஆசிரியர் என்ற அளவில் ஒரு வாசல் திறந்தது. முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவரிடம் அவர் பிறந்த நாட்டைக் கேட்டுச் சம்பளத்தை முடிவு செய்வது அநியாயம். இதை நம் பல்கலைக்கழகங்களும் அரசும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வகுப்பறை மாறிய விதம்

அன்று போனவர்களில் பலர் இலக்கியம் நடத்தினார்கள். ஷேக்ஸ்பியர், ஹார்டி, ஆப்பிரிக்க எழுத்தாளர் சினுவா அச்சிபி எல்லாரும் பாடத்தில் இருந்தார்கள். இன்று வளைகுடாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்றால் பெரும்பாலும் ஃபவுண்டேஷன் வகுப்பு. பள்ளி முடித்துவரும் மாணவர் பட்டப்படிப்புக்குள் போவதற்கு முன் ஆங்கிலத்தில் தேற வேண்டும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன், நிலைவாரியாகத் தேர்வு, வாரத்துக்கு இருபது மணி நேரத்தை ஒட்டிய வகுப்பு. ஹார்டியில் முனைவர் பட்டம் பெற்றவர் வருடம் முழுக்க ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ நடத்துகிறார். அதில் ஒரு குறையும் இல்லை. கற்பிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் நல்ல வேலைதான். கூடவே வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மாணவர் தரும் மதிப்பீடும் கான்ட்ராக்ட் நீள்வதா என்பதைத் தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. அங்கே குறைந்த மதிப்பெண் போடும்போது ஆசிரியர் கை தயங்கும்.

எத்தியோப்பியா வேறு மாதிரி. 1990-களின் நடுவில் அங்கே பல்கலைக்கழகம் என்று சொல்ல இரண்டுதான். இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே பாடமொழி ஆங்கிலம் என்பதால், அந்த விரிவாக்கத்தில் இந்தியப் பேராசிரியர்கள் பெரும் பங்கு வகித்தார்கள். புதிதாகப் போகிறவரை முதல் வாரம் குழப்புவது கடிகாரம். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். ‘இரண்டு மணிக்கு வகுப்பு’ என்றால் நம் காலை எட்டு மணி. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது; அதில் பதின்மூன்று மாதங்கள். தேதியைக் கவனமாகப் படிக்காதவர் கான்ட்ராக்ட் முடியும் மாதத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்.

பெண்கள் தனியாகப் போவது இந்தத் தலைமுறையின் பெரிய மாற்றம். அன்று கணவருக்கு வேலை கிடைத்தால் மனைவியும் கூடப் போனார். இன்று எம்.ஏ. ஆங்கில வகுப்புகளில் மாணவிகளே அதிகம். சவுதியில் பெண்களுக்கு வளாகம் தனி என்பதால் ஆசிரியைகளுக்குத் தேவை இருக்கிறது. மனைவியின் விசாவில் கணவர் போகும் குடும்பங்களும் உருவாகிவிட்டன.

சம்பளமும் நாணயமும்

வெளிநாட்டுச் சம்பளத்தின் எதிரி அந்த நாட்டு நாணயம். 1980-ல் நைஜீரியாவின் ஒரு நைரா ஒன்றரை டாலருக்கு மேல் பெறும். 1986-ல் நைஜீரியா நாணயச் சந்தையைத் திறந்துவிட்டது. 1990 வாக்கில் ஒரு டாலருக்கு எட்டு நைரா என்று ஆனது. வருடக்கணக்கில் சேர்த்தது கண்ணெதிரே கரைந்தது. எத்தியோப்பியாவிலும் அதே கதை. டாலர் தட்டுப்பாடு நீண்டகாலமாக இருந்தது. 2024 ஜூலை கடைசியில் அரசு தன் நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. அறுபதுக்குக் கீழே இருந்த டாலர் விலை சில வாரங்களில் நூறைத் தாண்டியது. உள்ளூர் நாணயத்தில் வாங்கிச் சேர்த்தவருக்கு ஏறக்குறையப் பாதி போயிற்று. எனவே எத்தனை சம்பளம் என்று கேட்பதோடு, எந்த நாணயத்தில், எவ்வளவை ஊருக்கு அனுப்ப அனுமதி என்றும் கேட்க வேண்டும். ஒரு விஷயத்தில் இன்றைக்கு நிச்சயம் நல்ல காலம். அன்று டிராஃப்ட் தபாலில் வந்து வங்கியில் பணமாக வாரங்கள் ஆகும். இன்று மஸ்கட்டில் அனுப்பினால் மறுநாளுக்குள் ராஜபாளையம் கணக்கில் ஏறிவிடுகிறது.

போர் வந்தபோது

2011-ல் லிபியாவில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்களை விமானத்திலும் கப்பலிலும் அரசு மீட்டது. 2015-ல் ஏமனிலிருந்து நாலாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். அதே 2015 ஜூலையில் லிபியாவின் சிர்த் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நான்கு இந்திய ஆசிரியர்கள் கடத்தப்பட்டார்கள். இருவர் சில நாட்களில் விடுபட்டார்கள். மற்ற இருவர் வெளியே வர 2016 செப்டம்பர் ஆயிற்று. உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததற்கு அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வாங்காத சம்பளம், பணிக்கொடை, விட்டுவந்த சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு யாரிடம் போவது?

இங்கேதான் சட்டத்தின் ஒரு ஓட்டை தெரிகிறது. 1983 குடியேற்றச் சட்டப்படி லிபியா, ஏமன், சவுதி, ஓமன் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும், குறைந்த படிப்புள்ளவரின் கான்ட்ராக்டை அரசு பார்த்து அனுமதி தர வேண்டும், காப்பீடும் கட்டாயம். பட்டதாரிக்கு இந்தச் சோதனை இல்லை. தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அவரை விட்டுவிட்டார்கள். பட்டதாரிகளும் கிளம்புமுன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது. ஆனால் அதே மாதம் அது நிறுத்திவைக்கப்பட்டது. பேராசிரியர் யாருடைய கணக்கிலும் வராமல் கிளம்பிப் போகிறார்.

திரும்பி வந்தால்

அன்று போனவர் திரும்பி வந்து தன் பணியிடத்தில் சேர்ந்தார், ஓய்வூதியம் வாங்கினார். ஊரில் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். வெளிநாட்டில் கற்றதை வகுப்பில் சொன்னார். இன்று ஐம்பது வயதில் திரும்புகிறவருக்கு இங்கே இடம் இல்லை. அரபு நாட்டில் பத்து வருடம் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பூஜ்யத்திலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவம், நம் கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு மிகவும் தேவையானது. ஆனால் நேர்முகத் தேர்வில் அந்த வருடங்களைக் கணக்கில் எடுக்கப் பல நிர்வாகங்கள் தயங்குகின்றன.

வேலைக்குப் போகும் நாடுகளிலும் நல்லது நடந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஓமனில் பழைய முதலாளி தடையில்லாச் சான்று தராவிட்டால் அங்கேயே வேறு வேலைக்கு மாற முடியாது என்றிருந்த விதி 2021 ஜனவரியில் போய்விட்டது. சட்டங்கள் மாறக்கூடியவை என்பதற்கு அது சாட்சி. நம் பக்கமும் மாற வேண்டியவை மூன்று. பட்டதாரிகளின் கான்ட்ராக்டும் அரசின் பதிவில் வர வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் இரண்டு மூன்று வருட விடுப்பில் ஆசிரியரை அனுப்பித் திரும்ப ஏற்க வேண்டும். அதனால் கல்லூரிக்கும் அனுபவம் கிடைக்கும். வெளிநாட்டில் பணியாற்றிய ஆண்டுகளைப் பணி அனுபவமாக எல்லா நியமனங்களிலும் ஏற்க வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பது இல்லை. கிளம்பிப் போகும் ஆசிரியருக்குத் திரும்ப ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அநியாயமான கான்ட்ராக்டை வேண்டாம் என்று மறுக்கும் தைரியம் அவருக்குத் தானாக வந்துவிடும்.