மொறுமொறுப்புக்கு என்ன விலை?

பழவேற்காடு ஏரியில் பிடித்த மடவையை உப்பும் மிளகாய்த்தூளும் தடவிச் சாதாரண மைக்ரோவேவ் ஓவனில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும். ஆனால் சிவக்காது. மீன் தின்று வளர்ந்த குப்பத்துக்காரர்கள் அந்தத் தட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து கன்வெக்‌ஷன் ஓவன் வாங்கினால் சிவக்கும் என்பார் கடைக்காரர். உண்மைதான். அந்தச் சிவப்புக்கு அவ்வளவு பணம் தகுமா?

மைக்ரோவேவ் நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலை. அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி மோத, மீனுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்வரை சூடு பிறக்கிறது. ஓவனுக்குள் உள்ள காற்றோ சூடாவதில்லை. மேல்தோலில் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். புரதமும் சர்க்கரையும் கூடி நிறமும் மணமும் தரும் வினை 140 டிகிரி வாக்கில்தான் வேகம் பிடிக்கும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் விவரித்த வினை அது.

கன்வெக்‌ஷன் ஓவனில் கூடுதலாக இருப்பவை ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், ஒரு விசிறி. சுருளைவிட விசிறியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கருவாடு காயப்போடும் பெண்களுக்கு அதன் வேலை தெரியும்: வெயில் கொளுத்தினாலும் காற்று அசையாத நாளில் மீன் சுணங்கித்தான் காயும். மீனை ஒட்டி ஈரக்காற்றுப் படலம் ஒன்று போர்த்திக்கொள்வதே காரணம். விசிறி அந்தப் படலத்தைக் கலைத்து 200 டிகிரி காற்றை மோதவிடுகிறது. தோல் உலர்ந்ததும் வெப்பம் 100-ஐத் தாண்டுகிறது, மீன் சிவக்கிறது.

ஆனால் இதே வேலையைத் தோசைக்கல் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடும். காற்றைக் காட்டிலும் சூடான எண்ணெயும் இரும்பும் பன்மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். கன்வெக்‌ஷனுக்கு முன்சூடு ஏற்றவே பத்து நிமிடம் ஆகலாம். 2000 வாட் அளவில் இழுக்கும் சுருள், அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்வரை மின்சாரம் தின்னும். போதாக்குறைக்கு உப்புக்காற்று வேறு. துருப்பிடிக்க இன்னும் இரண்டு பாகங்கள். நாலு துண்டு வறுவலுக்காகவும் பழைய குழம்பைச் சூடுபண்ணவும் இதை வாங்குவது வீண்செலவு. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தாலோ, வீட்டில் கேக் சுடும் ஆசை இருந்தாலோ கணக்கு மாறும்.

மைக்ரோவேவ் அலையும் சூடான காற்றும் சேர்ந்து இயங்கும் முறைதான் கன்வெக்‌ஷன் ஓவனின் உண்மையான கெட்டிக்காரத்தனம். அலை உள்ளே வேகவைக்க, காற்று வெளியே சிவக்கவைக்கும். முழுக் கோழிக்கு அருமை. முழுக் கொடுவா மீனுக்கும் அப்படியே என்று நம்பிக் கிளம்புமுன் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கொடுவா சுமார் 40 சென்டிமீட்டர் நீளம் வரும். 28 லிட்டர் ஓவனின் சுழல்தட்டு குறுக்களவு 30 சொச்சம்தான்.