காக்கியைக் கழற்றிய பின் துப்பாக்கி

காவல்துறையில் இருந்து ஓய்வுபெறுபவர் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றில் துப்பாக்கியும் ஒன்று. அத்தனை வருடம் இடுப்பில் இருந்தாலும் அது அரசின் சொத்து. பணியில் இருக்கும்வரை அவருக்குத் தனியாக லைசென்ஸ் தேவைப்படவில்லை. கடமைக்காக ஆயுதம் ஏந்தும் அரசு ஊழியருக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஓய்வோடு அந்த விலக்கும் போய்விடும். அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டுமென்றால் எல்லாரையும் போல மனுப் போட வேண்டியதுதான். மண்ணச்சநல்லூரில் குடியிருப்பவர் கலெக்டரிடம் போக வேண்டும். கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வீடு என்றால் திருச்சி மாநகர போலீஸ் கமிஷனரிடம். முப்பது வருடம் ஆயுதம் ஏந்தியவரை இப்படி அலைய விடலாமா, ஓய்வுபெற்றவருக்கான அடையாள அட்டையையே துப்பாக்கி அனுமதியாக ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆக்கக் கூடாது என்பதே என் கருத்து. அட்டை ஒருவர் நேற்று யாராக இருந்தார் என்பதைத்தான் சொல்லும். துப்பாக்கி கேட்பதோ இன்றைய கண்ணையும் கையையும் நிதானத்தையும்.

அமெரிக்காவைப் பார் என்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். 2004-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வழிசெய்தது. பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும் என்று முதலில் இருந்த நிபந்தனை 2010-இல் பத்து ஆண்டாகக் குறைந்தது. ஆனால் படத்துடன் கூடிய துறை அட்டை மட்டும் அங்கே போதாது. பணியில் இருப்பவருக்கு வைக்கும் அளவுகோலின்படி, கடந்த ஓராண்டுக்குள் சுட்டுக் காட்டித் தேறியிருக்க வேண்டும். நல்ல பெயரோடு வெளியேறியிருக்க வேண்டும். மது அருந்திய நிலையில் எடுத்துச் செல்லக் கூடாது. தெருவுக்குத் தெரு துப்பாக்கி இருக்கும் நாடே வருடா வருடம் சோதித்துவிட்டுத்தான் நம்புகிறது.

நம் நாட்டில் வாசல் இறுக்கமாக இருக்கிறது, உள்ளே நுழைந்த பின் கண்காணிப்புத் தளர்ந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி புதிதாக மனுச் செய்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். காவல்துறை அறிக்கை போக வேண்டும். ஒவ்வொரு லைசென்சுக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஒட்டிய படம், துப்பாக்கியின் எண், அதன் ரகம், எத்தனை தோட்டா, எந்த மாவட்டம் அல்லது மாநிலம் வரை செல்லும் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் 2019 திருத்தம் லைசென்சின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருமுறையாவது சுட்டுக் காட்டு என்று கேட்கும் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. அறுபதில் லைசென்ஸ் வாங்கியவரை அறுபத்தைந்து வரை யாரும் திடலுக்கு அழைப்பதில்லை.

பயிற்சி பெற்றவருக்குச் சோதனை எதற்கு என்பது முதல் ஆட்சேபம். ஆயுதப்படையில் காலம் கழித்தவரும் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தே காலம் கழித்தவரும் ஒரே அளவு சுட்டவர்கள் அல்ல. இன்னொன்று: பணியில் கையாண்ட 9 மி.மீ. பிஸ்டல் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். லைசென்சில் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வரோ பிஸ்டலோதான். கை பழகிய ஆயுதம் வேறு, வீட்டுப் பீரோவில் இருப்பது வேறு. கேட்பதே அவமானம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வூதியம் வாங்குபவர் தாம் உயிரோடிருப்பதையே ஆண்டுதோறும் சான்று காட்டி நிரூபிக்கிறார். அதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை. தோட்டா விஷயத்தில் ஒரு நாள் திடலுக்கு வந்து போவது அதைவிடப் பெரிய சுமையா?

அடுத்த ஆட்சேபத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. உள்ளே தள்ளிய ரவுடி வெளியே வந்து காத்திருப்பான் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 2025 மார்ச்சில் திருநெல்வேலியில், ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு ஆபத்து வந்தது பழைய குற்றவாளிகளிடமிருந்து அல்ல, நிலத் தகராறில்; ஆனாலும் ஓய்வுபெற்றவருக்கு ஆபத்து உண்டு என்பதை அது காட்டுகிறது. மிரட்டல் இருப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. காவல்துறையிலும் ராணுவத்திலும் பணியாற்றியவர்களின் உண்மையான தேவையைப் பரிசீலிக்க 2016 விதிகளிலேயே இடம் இருக்கிறது. மிரட்டல் புகார் வந்தவுடன் அந்த விதியை விரைந்து பயன்படுத்த வேண்டும். தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பும் தர வேண்டும். ஒருவருக்கு ஆபத்து என்பதற்காக ஓய்வுபெற்ற அத்தனை பேருக்கும் அட்டையை நீட்டினால், போலி அட்டை அடிப்பவனுக்குத்தான் அது வசதி. சோதனைச் சாவடியில் நிற்கும் கான்ஸ்டபிள், பழைய மேலதிகாரியின் அட்டையைப் பார்த்ததும் சல்யூட் அடித்து அனுப்பிவிடுவார். தனி எண்ணைத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்ப்பது அவருடைய கடமையாக வேண்டும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். ஓய்வுபெற்றவரின் அட்டை மரியாதைக்கும் நலத்திட்டங்களுக்கும் இருக்கட்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் தனியாக இருக்கட்டும்; அதில் ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட ஆயுதப்படைத் திடலில் சுட்டுத் தேறிய பதிவு ஏறட்டும். லைசென்ஸ் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற காவலர்களும் முன்னாள் ராணுவத்தினரும் சட்டம் வரும்வரை காத்திராமல், புதுப்பிக்கும் தேதியையும் தனி எண்ணையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம், தாமதிக்காமல் அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.